ஐந்து கோப்புகளில் ஒரே ஸ்கேன்

அந்த மருத்துவமனை ஜி.எஸ்.டி. சாலையில், செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. உள்ளே நுழைந்தால் மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் நான். அரசு காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அட்டையைச் சரிபார்த்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, இன்ன ஆபரேஷனுக்கு அனுமதி வேண்டும் என்று விண்ணப்பம் போடுவேன். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டர் அதைப் பார்த்து அனுமதி கொடுப்பார், அல்லது விளக்கம் கேட்பார். அனுமதி வந்தால்தான் கத்தியை எடுக்க முடியும். கூடுவாஞ்சேரியிலிருந்து காலை ரயிலில் போய் நான்கு வருடம் இதைச் செய்தேன்.

சேர்ந்த புதிதில் எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம் ஆறே மாதத்தில் பிடிபட்டுவிட்டது. எங்களிடம் அந்த அட்டை, படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான் செல்லும். டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் ஒவ்வொன்றுக்கும் அரசு ஒரு தொகையை நிர்ணயித்திருக்கும். பேக்கேஜ் என்போம். அதற்குள் செய்து முடித்தால் மிச்சம் மருத்துவமனைக்கு, மிஞ்சினால் நட்டமும் மருத்துவமனைக்கே. எலும்பு முறிவில், இதய அடைப்பில் பெரும்பாலும் கையைக் கடிக்கும். கர்ப்பப்பையை எடுப்பதில் கடிக்காது. எந்த டாக்டரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எந்த வார்டு நிரம்பியிருக்கிறது, எந்த வார்டில் கட்டில் காலியாகவே கிடக்கிறது என்று பார்த்தாலே போதும்.

கடலோர ஊர்களில் மாதம் இரண்டு முகாம் நடக்கும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ மேசை போட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, பெண்களிடம் 'மாதவிலக்கில் தொந்தரவு உண்டா' என்று கேட்பார்கள். உண்டு என்றவர்களை இரண்டு நாள் கழித்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் புதன்கிழமை வேனில் ஐந்து பேர் வந்தார்கள். அன்றே சேர்த்து, இரவு முதல் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முதல் ஆபரேஷன். ஐந்து விண்ணப்பங்களும் நான் முந்தின நாள் மாலையே ஏற்றியவை. காலை பத்து மணிக்குக் கணினியைத் திறந்தபோது ஐந்திலும் ஒரே விளக்கம் கேட்கப்பட்டிருந்தது: ஸ்கேன் படத்தில் பெயரும் தேதியும் தெரியவில்லை, அசலைப் பதிவேற்றவும்.

இது வழக்கமாக வருவதுதான். படத்தின் மேல் ஓரம் சில சமயம் நகலெடுக்கும்போது வெட்டுப்படும். நான் ஐந்து கோப்புகளையும் எடுத்து மேசையில் பரப்பினேன்.

அப்போது தடுப்புக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். பச்சை ஆபரேஷன் அங்கி, தோளைச் சுற்றி ஒரு துண்டு. முப்பத்தெட்டு வயது என்று கோப்பில் இருந்தது. கடப்பாக்கம். மீன் காயப்போடும் வேலை.

"இன்னா மேடம், இன்னும் ஆர்டர் வரலியா? நாக்கு ஒட்டிகினு கீது. தண்ணி கேட்டா நர்சம்மா திட்றாங்கோ."

"வந்துடும்கா. ஒரு விளக்கம் கேட்டிருக்காங்க. போய்ப் படுங்க."

"சீக்கிரம் பாரு மேடம். சனிக்கிழமை நான் வூட்ல இருக்கணும். எங்க ஓரகத்திக்கும் போன மாசம் இங்கதான் பண்ணீங்கோ. அவ நாலே நாள்ல வந்துட்டா."

அவள் போனதும் மறுபடி கோப்புகளைப் பார்த்தேன். முதல் படத்தின் இடது மூலையில் ஒரு கீறல், வளைந்த மயிர் ஒட்டியதுபோல. இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் அதே கீறல். நகல் எடுக்கும் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்தேன். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாள்களில் அது இல்லை. மூன்றாவதில் இருந்தது. நான்காவதில். ஐந்தாவதில். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் கர்ப்பப்பைக் கட்டியின் அளவு இருக்கும். ஐந்திலும் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்கூட மாறவில்லை.

ஐந்து பெண்கள், ஐந்து பெயர்கள், ஐந்து தட்டச்சு செய்த அறிக்கைகள். வயிறு ஒன்று.

ஓரகத்தி என்று அந்த அக்கா சொன்னது மனதில் குத்த, போன மாத முகாம் கோப்புகளைக் கணினியில் தேடினேன். அதே ஊர், அதே தெரு. படத்தைத் திறந்தேன். மூலையில் அந்தக் கீறல் இருந்தது. பதிவேற்றியவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது.

நான் டாக்டர் இல்லை, விலங்கியல் பட்டதாரி. படத்தைப் படிக்கத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு படம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கப் படிப்பு எதற்கு? தினம் இருபது கோப்பு ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் நான் படங்களைப் பார்த்ததே கிடையாது. தெளிவாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கோப்புகளோடு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் சத்தம் போட்டுப் பேசும் ஆள் இல்லை. என் மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்க அலைந்தபோது, யாரிடமோ பேசி உதவியவர். இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஸ்கேன் ரூம்ல ஏதோ குழப்பம் பண்ணியிருக்காங்கம்மா. நான் பேசிக்கிறேன். நீ மேல பேரும் தேதியும் ஒட்டி ஏத்திவிடு."

"ஒட்டறதா சார்?"

"அந்தப் பொம்பளைங்களுக்கு ரத்தப்போக்கு இருக்கா இல்லையா? இருக்கு. முகாம்ல அவங்களே சொன்னாங்க. நாம இல்லாத நோயைச் சொல்லல."

"ஆனா இது அவங்க ஸ்கேன் இல்ல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உக்காரும்மா. போன வாரம் ஒரு விபத்து கேஸ் வந்துச்சே, கால் ரெண்டும் நொறுங்கி. பேக்கேஜ்ல பாதிச் செலவுகூட வரல. அவனைத் திருப்பி அனுப்பினோமா? டயாலிசிஸ்ல வாரம் மூணு தடவை வர்றவங்களை என்னிக்காவது நிறுத்தினோமா? அரசாங்கம் ரேட்டை ஏத்தறதில்ல. கொடுக்கிறதையும் பல மாசம் கழிச்சுத்தான் கொடுக்குது. உன் சம்பளம் ஒண்ணாந்தேதி வருதுல்ல, அது எங்கேருந்து வருது? ஒரு பக்கம் போறதை இன்னொரு பக்கம் எடுத்தாத்தான் இந்தக் கட்டடம் நிக்கும்."

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. அந்தக் காலுடைந்த பையனின் தாய் என் தடுப்புக்கு வெளியே நின்று கும்பிட்டது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தக் கணக்கை நேர் செய்ய எடுக்கப்போவது இன்னொருத்தியின் உடம்பிலிருந்து.

"பன்னிரண்டு மணிக்குள்ள ஏத்திடு. டாக்டர் ரெண்டு மணிக்கு வந்துடுவாங்க" என்றார்.

மணி பதினொன்று. நான் என் இடத்துக்குப் போகாமல் இரண்டாம் மாடி வார்டுக்குப் போனேன். அந்த அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வந்துச்சா?"

"இல்லக்கா. உங்களை ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு ஸ்கேன் எங்க எடுத்தாங்க?"

"ஸ்கேனா? கேம்ப்ல பிபி பாத்தாங்க. இங்க ரத்தம் எடுத்தாங்க. அவ்ளோதான்."

"வயித்துல ஜெல்லு தடவி, டிவி மாதிரி ஒண்ணுல பாப்பாங்களே?"

"அதெல்லாம் என் சின்னப் புள்ள வயித்துல இருக்கசொல்ல எடுத்தது. பதினாலு வருசம் ஆச்சு."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். ஸ்கேன் எடுக்காமலே ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். ஒருவேளை மாத்திரையிலேயே சரியாகலாம். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு முடிவு செய்யலாம். அவள் பயப்படுவாள், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண் சிவந்துவிட்டது.

"நீ இன்னா பேசற மேடம்? மாசம் பத்து நாளு ஊத்துது. வெயில்ல நின்னு மீன் காயப்போட முடியல. மயக்கம் போட்டு ரெண்டு தபா வுழுந்தேன். தனியார்ல காட்டி மாத்திர வாங்கித் தின்னேன், ஒரு அட்ட முடிஞ்சா இன்னொரு அட்ட. அந்த துட்ட யாரு குடுப்பா, நீ குடுப்பியா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி பூடும். அடுத்த வாரம் வான்னுவாங்கோ, அப்பால ஒரு நாள் பூடும். இங்க ஃப்ரீ. ஒரே வாட்டில முடிஞ்சு போவும். எங்க ஓரகத்திக்கு முடிஞ்சு போச்சுல்ல?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். நர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு ஆபரேஷன் வேணாம்னு நான் சொல்லலக்கா. வேணுமா வேணாமான்னு யாரும் பாக்கலன்னு சொல்றேன்."

"எனக்கு வேணும்னு நான் சொல்றேன். போதாதா?"

மாத்திரைக்குக் கிடைக்காத காசு கத்திக்குக் கிடைக்கிறது என்றால், கையில் ஒன்றும் இல்லாதவள் கத்தியைத்தான் கேட்பாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கீழே வந்தேன். பன்னிரண்டு ஆனது. மேலாளர் இரண்டு முறை உள்தொலைபேசியில் அழைத்தார். முதல் முறை 'ஏத்திக்கிட்டிருக்கேன் சார்' என்றேன். இரண்டாம் முறை எடுக்கவில்லை. என் கணவருக்கு அப்போது கம்பெனி வேன் ஓட்டும் ஒப்பந்தம் முடிந்து வேலையில்லாத நேரம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் என் சம்பளத்தில். பெயரையும் தேதியையும் தட்டச்சு செய்து வெட்டி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். பசைக் குப்பிகூட மேசைமேலேயே இருந்தது. அதை எடுத்து மூடியைத் திறந்து, திரும்ப மூடி வைத்தேன்.

ஆபரேஷன் செய்ய வரும் டாக்டரம்மா வெளியிலிருந்து வருகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வந்து, பட்டியலில் இருக்கிறதை முடித்துவிட்டு அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுவார். ஒன்றே முக்காலுக்கு அவர் கார் வந்தது. நான் லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கதவு மூடும்போது கூடவே உள்ளே நுழைந்தேன்.

"டாக்டர், அஞ்சு கேஸுக்கும் அனுமதி வரல. ஸ்கேன் கேட்டிருக்காங்க."

"ஸ்கேன்தான் ஃபைல்ல இருக்கே?"

ஐந்து படங்களையும் விசிறிபோல விரித்து அவர் முன்னால் நீட்டினேன். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, லிஃப்டின் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் மூன்றாம் மாடி வந்து கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை. கதவு மறுபடி மூடியது.

"இதை வேற யாருக்குக் காட்டினே?"

"மேனேஜருக்கு."

"என்ன சொன்னாரு?"

"பேரை ஒட்டி ஏத்தச் சொன்னாரு."

அவர் இரண்டாம் மாடிப் பொத்தானை அழுத்தினார். "அஞ்சு பேரையும் ஸ்கேன் ரூமுக்கு வரச் சொல்லு. நானே பாக்கறேன்."

அந்த ஒன்றரை மணி நேரம் நான் ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றேன். மேலாளர் வந்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "நாளையிலேருந்து நீ வர வேண்டியதில்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. கால்தான் வலித்தது.

டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வாங்கிப் பார்த்து, ஐந்து தாள்களில் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஒருத்திக்கு உண்மையிலேயே பெரிய கட்டி, ஆபரேஷன் அவசியம். மற்ற நால்வருக்கும் எடுக்க வேண்டிய எதுவும் இல்லை. கடப்பாக்கத்து அக்காவின் தாளில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: கடுமையான ரத்தசோகை, தைராய்டு பரிசோதனை உடனே தேவை.

"இந்த நிலைமையில மயக்கம் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்கே தெரியாது" என்றார். "போன மாசம் எத்தனை பேருக்குப் பண்ணினேன், தெரியுமா?"

தெரியும். அதைச் சொல்லாமல், அவர் எழுதிய தாள்களைக் கீழே கொண்டுபோய் அப்படியே பதிவேற்றினேன். அதுதான் அங்கே நான் செய்த கடைசி வேலை. ஒரு விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது, நான்கு நிராகரிக்கப்பட்டன. பதிவேற்றும்போதே விளக்கம் என்ற கட்டத்தில், முந்தின மாதக் கோப்புகளிலும் இதே படம் இருக்கிறது, ஏற்றியவள் நான்தான் என்று எழுதி என் பெயரையும் போட்டேன்.

மாலை நான்கு மணிக்கு அந்த அக்கா புடவை மாற்றிக்கொண்டு, பையோடு வாசலில் நின்றாள். வேன் திரும்பக் கொண்டுபோய் விடாதாம்.

"இப்ப சந்தோசமா ஒனக்கு?" என்றாள்.

"எதாவது சாப்பிட்டீங்களா?"

"எவன் குடுத்தான்?"

எதிரில் இருந்த கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். கோபத்தோடுதான் சாப்பிட்டாள். பிறகு, என்னிடம் பேசாமலே, என்னோடு ஆட்டோவில் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே அன்றே சேர்த்துக்கொண்டு ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டுதான். தினம் காலையில் ஒரு மாத்திரை. அதை அவள் ஊர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்த முன்னியே எவனாவது சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வாரத்தில் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். டாக்டரம்மாவும் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். விசாரணை முடியும் வரை அந்த மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை செல்லாது என்று நிறுத்திவைத்தார்கள். நான் நினைத்தது அதுவரைதான். அதற்கப்புறம் நடக்கப்போவதை யோசிக்கவில்லை.

ஒரு நாள் திருக்கழுக்குன்றம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பழைய லாரி டிரைவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறவர். முகம் ஊதியிருந்தது.

"இன்னாம்மா, நீதான் ஏதோ எழுதிக் குடுத்தியாமே? இப்ப கார்டு செல்லாதுன்னுட்டான். ரெண்டு பஸ் மாறி வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க கூட்டம். போன வாரம் ஒரு நாள் மெஷினு கிடைக்கல."

என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு கேட்டார். "தப்புன்னு சொல்லலம்மா. பண்ணவன் ஏசில குந்திகினு கீறான், நான் பஸ்ல தொங்கறேன். அத்தத்தான் சொல்றேன்." பேருந்து வந்தது. படியில் கால் வைக்க முடியாமல் அவர் தடுமாறியபோது கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதற்கு அவர் ஏன் நிற்க முடியாத காலோடு விலை கொடுக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்து டயாலிசிஸுக்கு மட்டும் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். அவர் பழைய இடத்துக்கே போகிறார் என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள்.

எனக்கு ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஓரகத்தியின் முகவரி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. விசாரணைக்காரர்கள் அவளைப் பார்க்க வந்துபோனதாகக் கடப்பாக்கத்து அக்கா தொலைபேசியில் சொன்னதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து பிடித்துக் கடப்பாக்கம் போனேன்.

அக்கா சதை பிடித்திருந்தாள். "இப்ப அஞ்சு நாள்தான்" என்று கையை விரித்துக் காட்டினாள். அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஓரகத்தி அக்காவைவிட இளையவள், முப்பத்து நான்கு. வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவள், என்னை உட்காரச் சொல்லிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஓயாமல் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கடற்காற்று நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"வந்து கேட்டவங்க எதும் தெளிவா சொல்லல" என்றாள். "நீ சொல்லு. எனக்குப் பண்ணது தேவையா, இல்லியா?"

வரும் வழியெல்லாம் நான் வேறு வேறு பதில்களை ஒத்திகை பார்த்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"தெரியாதும்மா. உனக்கு ஸ்கேனே எடுக்கல. வேற யாரோ ஒருத்தரோட படத்தை உன் ஃபைல்ல வெச்சாங்க. அத கம்ப்யூட்டர்ல ஏத்தினது நான். பாக்காம ஏத்திட்டேன்."

விசிறுவது நின்றது.

"அப்ப வேற எவளோ ஒருத்திக்குப் பாத்துட்டு என்னுத எடுத்தாங்களா?"

"ஆமா."

அக்கா என் தோளைத் தொட்டாள், போதும் என்பதுபோல. ஓரகத்தி எழுந்து போய் வலையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒடம்பெல்லாம் நெருப்பா எரியுது. இடுப்பு வுட்டுப்போவுது" என்றாள் கடைசியில். "நான் வயசாவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அதுக்கு வைத்தியம் இருக்கு. சினைப்பையையும் சேத்து எடுத்தா இப்படி எரியும், அதை எடுத்துட்டாங்களான்னு முதல்ல பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரில செவ்வாக்கிழமை பாப்பாங்க. நான் லீவு போட்டுட்டு வரேன்."

"கூலி பூடும்."

"நானும் கூட நிக்கறேன். ஒரே நாள்ல எல்லா டெஸ்டும் முடிக்கப் பாக்கறேன்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவர்கள் இரண்டு பேரும் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் இறங்கினார்கள். நான் அதற்கு முன்பே போய் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். பெண் டாக்டர் அறைக்கு முன்னால் நீண்ட வரிசை. ஓரகத்திக்கு உட்கார இடம் கிடைத்தது. எங்கள் முறை வந்து, சீட்டில் எழுதும்போது டாக்டர், "ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்கா?" என்று கேட்டார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். "இல்ல டாக்டர், எடுக்கவே இல்ல" என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்தி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அவளைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, திரையை இழுத்தார்.